முதலாளியம்மா பார்த்த ஆயில் முள்

இஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆயில் மீட்டரின் முள் எழுந்து நடுவில் நிற்க வேண்டும். அன்று காலை அது படுத்தே கிடந்தது. தொண்ணூறுகளில் எந்த வருடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மழைக்காலம் முடிந்திருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது.

ரங்கூனில் அப்போது பழைய ஜப்பான் லாரிக்கு மரக்கூண்டு கட்டி பஸ்ஸாக ஓட்டுவோம். தின்கன்ஜூனிலிருந்து லான்மடாவ் வரை என் லைன். வண்டி முதலாளியம்மாவுடையது. பர்மாக்காரர், கணவரை இழந்தவர். என்னை மாங்லே, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். அவர் பேசியது பர்மியம். என் காதில் நிற்பதென்னவோ தமிழில்தான். தினமும் விடியும்போது வந்து, டாஷ்போர்டில் இருந்த சொம்பில் பூ வைத்து, தளும்பத் தண்ணீர் ஊற்றி, கும்பிட்டு அனுப்புவார். பூ வைக்காத வண்டி அந்த லைனில் கிடையாது.

முள் விழுந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இஞ்சினைப் பிரித்தால் மாற்றிப் போடச் சாமான் கிடைக்காத காலம். வண்டி நின்றால் என் வீட்டு அடுப்பும் நிற்கும். பழைய வண்டிகளை வாங்கி உடைத்து விற்கும் ஒருவர் சேதி தெரிந்து வந்து, மறுநாள் காலை எடுத்துக்கொள்வதாகப் பேசினார். முதலாளியம்மாவும் சரி என்றுவிட்டார். ஆனாலும் வந்தவர் போனபிறகு என்னிடம் கேட்டார்.

"முள்ளு கெடக்கட்டும் மாங்லே. ஒன் காதுக்கு இஞ்சின் எப்படிக் கேக்குது?"

தட்டல் சத்தம் இல்லை, நேற்றுப் போலவேதான் ஓடுகிறது என்றேன். அப்படியானால் சாயங்காலத்துக்குள் பார்த்துச் சொல் என்றார்.

மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் பாதை ஓரம் என் மச்சான் பட்டறை வைத்திருந்தார். வண்டியை அங்கே கொண்டுபோனேன். கெட்டியான ஆயில் ஊற்றிப் பார்த்தார். தேய்மானம் என்றால் முள் கொஞ்சமாவது ஏற வேண்டும், அசையவில்லை. தேய்ந்த இஞ்சினில் சூடேறிய பிறகுதானே முள் விழும், இது குளிரிலேயே படுக்கிறதே என்று முனகினார். இஞ்சினில் ஆயில் அழுத்தம் அளக்கும் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் தன் குழாய் மீட்டரை நேராக முறுக்கினார். ஓடவிட்டதும் அந்த முள் ஜம்மென்று ஏறி நின்றது.

"இஞ்சின் ஒன்னவிடத் தெடமா இருக்கு மாப்ள. பொய் சொல்றது மேல இருக்குற மீட்டரு."

டாஷ்போர்டைக் கழற்றினோம். சொம்புக்கு நேர் கீழே மீட்டர் ஒயர் பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. தினமும் வழிந்த தண்ணீர். புது ஒயர் போட்டதும் முள் எழுந்தது. முதலாளியம்மா கும்பிட்டு ஊற்றிய தண்ணீரை நான் எப்படிக் குறை சொல்வது? சாயங்காலம் அவரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பூவுக்கு வேற எடம் பாப்போம். வண்டி நம்மகிட்டயே இருக்கட்டும்."

மறுநாள் வண்டியை எடுக்க வந்தவர் நம்பவில்லை. பிழைப்புக்காக டிரைவர் முள்ளை ஏதோ செய்துவிட்டான், பாதி வழியில் இஞ்சின் இறுகிவிடும் என்று என் முன்னாலேயே சொன்னார். அதைக் கேட்டு முதலாளியம்மா விற்றிருந்தால் யாரும் அவரைத் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது என் மருமகன் காரில் ஆயிலுக்கு முள்ளே கிடையாது, ஒரு சிவப்பு விளக்குதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனுஷியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அன்று முதலாளியம்மா நேராக வண்டியில் ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

"நீ ரோட்டப் பாரு மாங்லே. முள்ள நான் பாத்துக்கிறேன்."

லான்மடாவ் வரும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.