பெரியப்பா போக இருந்த நாடு

எங்கள் பெரியப்பா ரஷ்யாவுக்குப் போவதாக இருந்தார். பகலில் காப்பி எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலை, மாலையில் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர். தோட்டத் தொழிலாளர்களை அந்த நாட்டைச் சுற்றிப் பார்க்க அழைத்துப்போகும் குழுவில் அவர் பெயரும் இருந்தது. சேலத்துக்குப் போய்க் கம்பளிக் கோட்டுகூட ஒன்று தைத்து வாங்கி வந்துவிட்டார். எங்கள் ஊர் மஞ்சக்குட்டையில் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்க்கவே ஆட்கள் வந்துபோனார்கள். அங்கே படிப்புக்கும் வைத்தியத்துக்கும் யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று பெரியப்பா சொல்வார். அதைப் பள்ளிக்கூடத்தில் போய் நான் சொன்னால் டீச்சர் சிரிப்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில், அந்த நாட்டுத் தலைநகரத் தெருக்களில் பீரங்கி வண்டிகள் நிற்பதாக ரேடியோவில் சொன்னார்கள். அதற்குப் பிறகு பெரியப்பாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெரிய ரேடியோ இருந்தது டீக்கடை பாயிடம்தான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அங்கே நின்று கேட்பார். முடியாத நாளில் என்னை அனுப்புவார். நான் ஓடிப்போய்க் கேட்டு, வாயில் நுழையாத பெயர்களைத் தப்பும் தவறுமாக ஒப்பிப்பேன். இன்றைக்கு ஒரு பகுதி பிரிந்துவிட்டது, நாளைக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் பெரியப்பா எழுந்து வாசல்வரை போவார், திரும்பி வருவார். பயணம் தள்ளிப்போயிருக்கிறது என்று சங்கத்தில் சொன்னார்கள்.

ஒருநாள் பாய் கேட்டே விட்டார்.

“ஏனுங்க, உலகத்தையே அழிக்கற அளவுக்குக் குண்டு செஞ்சு வெச்சிருந்தாங்களாம். ஊட்டுச் சனம் ரொட்டிக்கும் சோப்புக்கும் வரிசைல நின்னுச்சாம். ஏன்னு வாயத் தொறந்து கேக்கவும் முடியாதாம். அப்பறம் அந்த நாடு எப்படீங்க நிக்கும்?”

“எல்லாம் வேண்டாதவங்க கெளப்பி உடறதுங்க, பாய்,” என்றார் பெரியப்பா. ஆனால் டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டார்.

மார்கழியில் கொடியை இறக்கிவிட்டார்கள், அந்த நாடே இனி இல்லை என்று ரேடியோ சொன்னது. எங்கள் மலையில் அது பழம் பறிக்கும் பருவம். செடியெல்லாம் சிவந்து கிடந்தது. ஆனால் இந்த வருஷம் பாதிப் பேருக்குத்தான் வேலை என்று எஸ்டேட்டில் அறிவித்துவிட்டார்கள். வேலை இல்லாதவர்களில் அம்மாவும் ஒருத்தி. பெரியப்பா எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிடங்கு வாசலுக்குப் போனார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் கெட்ட மனிதர் இல்லை. சலிப்போடுதான் சொன்னார்.

“நான் என்னங்க பண்றது? போன வருஷத்துக் கொட்டையே மூட்டை மூட்டையா உள்ள கெடக்குது. நம்ம காப்பிய நொம்ப வாங்குனது உங்க ரஷ்யாதானுங்க. இப்ப அந்த நாடே இல்லீங்களே!”

பெரியப்பாவின் கண் உள்ளே கிடந்த மூட்டைகள்மேல் போய் நின்றது. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மைக் இல்லாமலே மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி பேசுகிறவர் அவர்.

அப்போது அம்மா முன்னால் போனாள். பெரியப்பா இருக்கும் இடத்தில் குரல் உயர்த்தாதவள்.

“அந்த நாடு போனா போவுட்டுங்க. பழம் செடியிலயே அழுகுதுங்களே! ஒருநாள் இவிங்க, ஒருநாள் நாங்கன்னு மாத்தி மாத்தி எல்லாத்துக்கும் வேலை குடுங்க.”

பெண்கள் அத்தனை பேரும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். ரைட்டர் பங்களாவுக்குப் போய் முதலாளியிடம் பேசிவிட்டு வந்து, சரி என்றார்.

எனக்கு அம்மாவை நினைத்து ஒரே பெருமை. பெரியப்பா ரைட்டருக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன், அவமானமாக இருந்தது. கூட்டத்தில் தேடினேன், ஆளைக் காணவில்லை.

நாங்கள் குடியிருந்த எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே இருந்தார். போட்டிருந்த சட்டை வேட்டியோடு, குடம் குடமாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். எதிரே நிற்பவர் தெரியாத அளவுக்குப் பனி.

“இந்தக் குளிர்ல எதுக்குப் பெரியப்பா குளிக்கறீங்க?”

“வேர்த்துப்போச்சு கண்ணு,” என்றார். பல் கிடுகிடுத்தது.

பின்னாலேயே வந்த அம்மா உலர்ந்த வேட்டி ஒன்றைக் கல்மேல் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எழவு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவர்கள்தான் அப்படித் தலைமுழுகுவார்கள் என்பது அந்த வயதில் எனக்கும் தெரியும். எங்கள் சொந்தத்தில்தான் யாரும் சாகவில்லையே, அப்புறம் ஏன் என்று வழியெல்லாம் அம்மாவைக் கேட்டுக்கொண்டே போனேன்.