மேளம் மட்டும்

மாலை ஐந்து நாற்பதுக்குத் தவில்காரரின் போன் அணைந்துபோனது. ஆறு மணிக்குச் சிதம்பரத்து மண்டபத்தில் என் மகளின் கச்சேரி. பெங்களூரில் ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள், பாட்டும் ராகமும் இல்லாமல் டிரம்ஸ், தவில், கடம் இவற்றை மட்டும் சேர்த்து வாசிக்க முதன்முறையாக எங்கள் பக்கம் வந்திருந்தாள்.

அவள் வாசிப்பை நான் போனில்தான் கேட்டிருக்கிறேன். மஞ்சக்குப்பத்து வீட்டில் அவளுடைய காலி அறையைத் தாண்டும்போதெல்லாம், அந்தச் சத்தம் ஒருமுறையாவது என் நெஞ்சில் நேராக அதிராதா என்று ஏங்கியிருக்கிறேன். இரவு ரயிலில் திரும்பிவிடுவாள். தவில் இல்லையென்றால் கச்சேரியே இல்லை.

“அவர்கிட்ட என்னடி சொன்ன?”

“மேளம் மட்டும் போதும், வேற எதுவும் வேணாம்னு சொன்னேம்மா.”

கடம் வாசிப்பவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “போச்சு! நம்ம ஊர்ல மேளம்னா நாயனமும் சேத்திதானே பாப்பா! மனுசன் நாயனக்காரரைத் தேடிப் போயிருப்பாரு.”

ஏழு மணியானது. சிலர் எழுந்து போனார்கள். மகள் குச்சிகளைப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். “இன்னும் கொஞ்ச நேரம்” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் தவில்காரர் வேர்த்து விறுவிறுத்து நுழைந்தார். பின்னாலேயே, மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அவர் அழைத்துவந்த நாயனக்காரர். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தபடி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நாயனத்தை மடியில் கிடத்திக்கொண்டார்.

“ஊதி ஊதியே காலம் போச்சு. உக்காந்து கேக்க இன்னிக்குத்தான் வாய்ச்சிருக்கு. நீ அடி பாப்பா.”