வலைநூல் முடிச்சு

மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறவே என் டீசல் கார் திணறியது. போன வாரம் சர்வீஸ் செய்த மெக்கானிக்கிடம் போய், "நீருதான் டர்போவ கெடுத்துட்டீரு" என்று கத்தினேன்.

அவர் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் வாயை அடைத்துக் காற்றேற்றி, ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஓரிடத்தில் நுரை பொங்கியது. அங்கே கிளிப்புக்குப் பதில் வலைநூல். சர்வீஸுக்குப் பிறகு கிளிப் உடைந்தபோது, கடலில் மீன்பிடிக்கும் நானே கட்டியது. சுறா இழுத்தாலும் அவிழாத முடிச்சு என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"வலையில மீன் நிக்கும் மக்கா, காத்து நிக்குமா?" என்று சிரித்தபடி புது கிளிப்பை முறுக்கினார். "டர்போவுக்கு ஒண்ணுமில்ல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கார் பாலத்தில் சீறி ஏறியது. ஆனால் இறங்கியதும் வண்டியைத் திருப்பினேன். மன்னிப்புக் கேட்காமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.