பந்தியில் கடைசியாக எழுந்தேன்

தசை பலவீன நோய் வந்தபின் இரண்டு ஆண்டுகள் நான் கல்யாண வீடுகளில் சாப்பிடவே இல்லை. அவசரமாக விழுங்கினால் புரையேறி மூச்சு அடைக்கும்; அதை வெளியில் சொல்ல வெட்கம்.

தி. நகரில் தங்கை மகள் கல்யாணத்தில், மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்துப் பந்தியில் உட்கார்ந்தேன். நான் ரசத்துக்கு வருவதற்குள் மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். அடுத்த பந்திக்காக என் நாற்காலியைப் பிடித்து நின்ற பெண்மணி, "இன்னா சார், எலையையும் சேத்து துன்னப் போறீங்களா?" என்றார்.

"எனக்கு விழுங்குறது கஷ்டம்மா. அவசரப்பட்டா மூச்சடைக்கும்." முதன்முறையாகச் சொல்லிவிட்டேன்.

அவர் பரிமாறுபவரிடம் திரும்பினார். "நைனா, சார் எலைய எடுக்காத. பாயசம் ஊத்து."

விழுங்கும்போது முகவாயைத் தாழ்த்தி, ஒவ்வொரு வாய்க்கும் நடுவே நிதானமாக மூச்சு விட்டு, பாயசம்வரை முடித்தேன். ஒருமுறைகூட இருமவில்லை.

இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் பந்தி நேரத்தைத்தான் கேட்கிறேன்.