குழம்புச் சட்டியில் வெந்த பிளைவுட்

கொதிக்கிற மரத்துக்கு ஒரு வாசனை உண்டு. நனைந்த சாக்கும் பசையும் கலந்த மாதிரி...

எட்டு வருடம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டையில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான். பக்கத்து வீட்டு மேரி அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சுகந்தி, கருவாடா?"

"பிளைவுட்டு, அக்கா."

அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அதற்கு ஆறு மாதம் முன்னால் என் வீட்டுக்காரர் டேவிட் வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரியை மூடிவிட்டார்கள். இரண்டு மாதம் வேலை தேடினார். அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் "அப்றம்" என்பார். நான் உண்மையிலேயே பயந்துபோனேன்.

ஒருநாள் போனில் யாரோ கேம்பிங் டிரெய்லர் செய்வதைப் பார்த்திருக்கிறார். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சின்ன அறை, உள்ளே படுக்கை. மறுநாள் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். அந்த வாரமே எங்கிருந்தோ பழைய டிரெய்லர் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, துரு தேய்க்க ஆரம்பித்தார். என் அண்ணனின் ஜீப்பில் கட்டி ஏலகிரிக்குப் போவதாகத் திட்டம். தெருவே சிரித்தது. சிரிக்கட்டும்... மனுஷன் எழுந்துவிட்டார், எனக்கு அது போதும்.

மரச்சட்டம் கட்டியாயிற்று. அதன் மேல் போர்த்துகிற வெளித்தோலுக்குப் பிளைவுட் வாங்க இரண்டு பேரும் வாணியம்பாடிக்குப் போனோம்.

இவர் இருபது வருடம் தோல் தரம் பிரித்தவர். உள்ளங்கையால் தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஃபர்ஸ்ட் செலக்ஷன், தேர்ட் செலக்ஷன் என்று பிரிப்பதுதான் வேலை. கடையிலும் அதையே செய்தார். ஒவ்வொரு ஷீட்டையும் வெயிலுக்கு இழுத்துப் போட்டுத் தடவினார். கடைசியில் மேலே தேக்கு ஒட்டிய ஒன்றைக் காட்டி, "இதான் ஃபர்ஸ்ட். ஒரு மார்க் இல்ல பாரு" என்றார்.

கடைக்கார பாய் தயங்கினார். "சார், அது வீட்டுக்குள்ள வெக்கறது. மழைக்கு இத எடுங்க."

அவர் காட்டியதில் முகமெல்லாம் கணு. இவர் தொடக்கூட இல்லை. "இது தேர்டு பாய்" என்று சொல்லிவிட்டு, தேக்கையே எடுத்துவைக்கச் சொன்னார்.

முதல் மழையில் அது பிளந்தால் இவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். இத்தனை நாள் கழித்து ஒன்றைத் தானாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார், அதையும் தப்பு என்று எப்படிச் சொல்வது? தையல் மிஷினுக்கு அடியில் வைக்க என்று பொய் சொல்லி, இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வாங்கிவந்தேன்.

நான் வேறொரு டேனரியின் லேபில் வேலை செய்கிறவள். தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டு வெட்டி, தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, கொதிக்கிற தண்ணீரில் போடுவோம். எடுத்துத் திரும்பக் கோட்டின் மேல் வைத்தால் சுருங்கியிருக்கக் கூடாது. பாயில் டெஸ்ட் என்று பெயர், தினமும் செய்கிற வேலை. மரத்துக்கும் அதையே செய்தேன். சர்ச் முடிந்து வந்ததும், இவர் ஆணி வாங்கப் போன நேரத்தில், பழைய குழம்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன்.

ஆனால் மரம் தோல் மாதிரி சீக்கிரம் பதில் சொல்லவில்லை. இவர் வந்துவிட்டார்.

"இன்னாமா பண்ற?"

"பாயில் டெஸ்ட்டுங்க..."

திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் வற்ற வற்ற நான் ஊற்றினேன். சட்டியைப் பார்த்தபடியே தன் டேனரிக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் அவ்வளவு பேசி நான் கேட்கவில்லை.

மதியம் இடுக்கியால் எடுத்தோம். தேக்குத் துண்டு நனைந்த நோட்டுப் புத்தகம் போல ஏடு ஏடாகப் பிரிந்து கையோடு வந்தது. கணுத் துண்டு அப்படியே இருந்தது.

அவர் கணுத் துண்டை எடுத்துக் கோட்டின் மேல் வைத்து, விரலால் சுற்றிலும் தடவினார். பிறகு சிரித்தார்.

"இருபது வருசமா மூஞ்சியப் பாத்தே பாஸ் போட்டிருக்கேன். பெயின்ட் அடிச்சா கணு யாருக்குத் தெரியப் போவுது? பாய்க்கு போன் போடு."

நான் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்துதான் போன் போட்டேன்.

ஏலகிரிக்குப் போன முதல் நாளே மழை. உள்ளே கால் நீட்டி உட்கார்ந்து முறுக்கு தின்றோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுவரைத் தடவிப் பார்த்தார். "காஞ்சிருக்கு" என்றார். மறுபடி தடவினார்.

இப்போது இவருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை. விடியற்காலையில் பஸ் பிடித்தால், வீட்டுக்கு வர இருட்டிவிடுகிறது. டிரெய்லர் வருடம் ஒருமுறை வெளியே போகிறது. எதுவாக இருந்தாலும் போனிலேயே எத்தனை ஸ்டார் என்று பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறோம். ஒரு பொருளுக்காக அரை நாள் அடுப்புப் பக்கத்தில் சேர்ந்து உட்காருவதில்லை. குறை சொல்லவில்லை, நன்றாகத்தான் இருக்கிறோம். வேலை இல்லாத காலத்துக்கு யாராவது ஏங்குவார்களா? அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் நான் ஏங்குகிறேன்...

அந்தக் கணுத் துண்டு என் சமையல் மேடையில்தான் இருக்கிறது. இன்று காலையும் ரசச் சட்டியை இறக்கி அதன் மேல்தான் வைத்தேன். எட்டு வருடமாகத் தினமும் சூடு வாங்குகிறது. ஓரம்கூடப் பிரியவில்லை.