சூடு தாங்கும் கேபிளும் பக்கத்தில் படுத்த கேபிளும்

போன கிழமை என் தங்கை றிஸ்வானாவின் தையல் கூடத்தில் தீப் பிடிக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ். பிடித்திருந்தால் இந்தப் பத்தியை இவ்வளவு சிரிப்போடு எழுதியிருக்க மாட்டேன்.

கூடம் சாய்ந்தமருதில், ஒரு கடைக்கு மேல்மாடியில். பத்துப் பன்னிரண்டு பெண்கள் அபாயா தைக்கிறார்கள். பெருநாள் ஓர்டர் குவிந்ததால் புதிதாக ஏசியும் பெரிய ஸ்டீம் அயன்களும் வந்தன. அவற்றுக்குக் கரண்ட் கொண்டுபோகப் புதுக் கேபிள் வேண்டுமே! வாங்கி வந்தவர் றிஸ்வானாவின் கணவர், என் மச்சான் நௌபர்.

"இது எவ்வளவு சூட்டையும் தாங்கும். அதான் மெலிசாப் பார்த்து வாங்கின. கத்தாரில நான் காணாத கேபிளா?"

கண்டிருப்பார். கத்தாரில் கேபிள் ஏற்றிய லொறி ஓட்டியவர்.

சுவரோடு ஓடும் தகரத் தட்டில் — கேபிள் ட்ரே என்பார்களே — லைட்டுக்கும் ஃபேனுக்கும் மெஷின்களுக்குமான பழைய கேபிள்கள் ஏற்கெனவே நெருக்கியடித்துக் கிடந்தன. புதியதற்கு வேறு தட்டு போடலாம் என்றார் எலெக்ட்ரீசியன் மாஹிர். றிஸ்வானாவும் சொன்னாள். மச்சான் கேட்டால்தானே?

"எல்லாம் கரண்ட்தானே! ஒண்டாக் கிடந்தா சண்டையா புடிக்கப் போகுது?"

வியாழக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு, கருகின மணம். "பக்கத்து வளவில குப்பை எரிக்கிறாங்க" என்றார் மச்சான். ஜன்னல்களோ ஏசிக்காகச் சாத்தியே கிடந்தன...

றிஸ்வானா நிமிர்ந்து பார்த்தாள். தட்டிலிருந்து கறுப்பாக ஏதோ துணிக்கட்டின் மேல் சொட்டுகிறது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

"புள்ளைகள், எல்லாத்தையும் போட்டுட்டு இறங்குங்க! கெதியா!"

ஒற்றைப் படிக்கட்டு. தரையெல்லாம் துணி. தைக்கிற பெண்களில் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. அவளைக் கைபிடித்து இறக்கிவிட்டுத்தான் அண்ணன் எனக்கு ஃபோனில் கோல் எடுத்தாள் றிஸ்வானா. "காக்கா, கெதியா வாங்க!"

நான் போய்ச் சேர்ந்தபோது மாஹிர் தட்டைப் பிரித்திருந்தார். ஏசியும் அயன்களும் இழுத்த கரண்டின் பாரம் கூடியதில் புதுக் கேபிள் கொதித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. அந்தச் சூட்டை அதன் தோல் தாங்கும். ஒட்டிக் கிடந்த பழையவற்றின் தோல் தாங்குமா? உருகி வழிந்து, உள்ளே செம்பு தெரிந்தது.

மச்சான் எட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்!

"பாத்தீங்களா? என்ட கேபிளுக்கு ஒண்டும் ஆகல்ல!"

றிஸ்வானா கறுப்புச் சொட்டிய துணிக்கட்டைத் தூக்கி அவர் முன்னால் போட்டாள். மச்சான் அதை அள்ளிக்கொண்டு கீழே இறங்கினார்.

யோசித்துப் பார்த்தால்... எல்லா வீட்டிலும், எல்லா ஒஃபிஸிலும் இப்படி ஒருவர் இருக்கிறார்தானே? தன் கோபத்தைத் தான் நன்றாகவே தாங்கிக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர் ஏன் கருகுகிறார் என்பது மட்டும் அவருக்கு விளங்காது.

இப்போது தடித்த கேபிள், தனித் தட்டு. வருகிறவர்களுக்கெல்லாம் மச்சான்தான் விளக்கம் கொடுக்கிறார் — "ரெண்டையும் ஒண்டாப் போடவே கூடா. நான் அண்டைக்கே சொன்ன."

"ஓம் மச்சான்" என்றேன். பக்கத்தில் நின்று கருகப் போவது நான் அல்லவா?