கடலில் இறந்தவர்களுக்கு மட்டும்

எங்கள் தொண்டு நிறுவனத்தில் நான்தான் கணக்கு பார்த்தேன். அலுவலகம் துறைமுகத்துக்குப் போகிற சாலையில். நிலக்கரி லாரி போகும்போதெல்லாம் மேசையில் கருந்தூள் படியும். கடலை விட்டுத் தள்ளி நாசரேத்தில் படித்து வளர்ந்த எனக்குக் கடல் தெரியாது, நன்கொடைக் கணக்கு தெரியும். இன்ன காரியத்துக்கு என்று சொல்லிக் கொடுத்த பணத்தை வேறு காரியத்துக்கு எடுக்கக்கூடாது. அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கொடுத்தவரிடமே கேட்டு மாற்றிக்கொள்ளலாம், ஒரு மெயில் போதும். இந்த இரண்டாவது விஷயம் மட்டும் எங்கள் செயலாளரின் மண்டையில் ஏறவே ஏறாது.

வெளிநாட்டுக்காரர் ஒருவர், கடலில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கென்று கொடுத்த தொகை அப்போது வங்கியில் அப்படியே கிடந்தது. எதற்கு வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பொது நிதியும் இருந்திருக்க வேண்டும். அதை ஆண்டு விழாப் பந்தலுக்கும் சால்வைக்கும் பிரியாணிக்கும் துடைத்து எடுத்தாயிற்று. வெட்கங்கெட்ட செலவு.

அந்தச் சமயத்தில்தான் அவள் உதவி கேட்டு வந்தாள். சின்ன வயதுப் பெண். புருஷன் சங்கு குளிப்பவர். ஆழத்திலிருந்து அவசரமாக ஏறியதில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்துவிட்டார். அதற்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி வெளியூரில் இருந்தது. சீக்கிரம் கொண்டுபோனால் நடக்க வாய்ப்புண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அது கடல்ல செத்தவங்க குடும்பத்துக்குன்னு வந்த பணம்மா," என்றார் செயலாளர். "உயிரோட இருக்கிறவருக்குக் கொடுத்தா ஆடிட்ல நாம்லா மாட்டணும்?"

"ஆஸ்பத்திரியில வச்சு ஒண்ணு ஆயிட்டுன்னா, சார்?" என்றாள் அவள்.

"அப்பவும் வராது. கடல்லன்னு தெளிவாப் போட்டிருக்கு."

பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சார், கொடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம். மெயில் எழுதி வச்சிருக்கேன். நீங்க சரின்னு சொன்னா போதும்."

"அடுத்த வருஷப் பணம் வரப்போற நேரத்துல போய் நைநைன்னு நிக்கச் சொல்லுதியளா? சும்மா இருங்க மேடம்."

அவர் சொல்லாமல் அங்கிருந்து ஒரு மெயிலும் வெளியே போகாது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "பரவாயில்லக்கா" என்றாள். அவள் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். தூ, என்ன பிழைப்பு இது என்று இருந்தது.

சங்கு குளிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இப்படி மரத்துப்போனால் உடனே மறுபடி அதே ஆழத்துக்கு இறக்கி, மெதுவாக ஏற்றுவார்கள். சிலருக்குச் சரியாகியும் இருக்கிறதாம். இவருக்கு நாட்கள் ஓடிவிட்டன. இனிப் பலிக்காது என்று கூட்டாளிகளுக்கே தெரியும். அவர்தான் கேட்கவில்லை. பெண்டாட்டியிடம், "கீழ போனா கால் வரும். வராட்டியும் உனக்கு நஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏற்றச் சொல்லியிருக்கிறார். இடுப்பில் கயிறு கட்டி, காற்றுக் குழாயை வாயில் கொடுத்து இறக்கினார்கள். திரும்பத் தூக்கியபோது வாயில் குழாய் இல்லை. உயிரும் இல்லை.

அதற்குப் பிறகு பணம் எவ்வளவு வேகமாக வந்தது என்கிறீர்கள்! செயலாளர் நன்கொடையாளர் பெயர் போட்ட பேனர் கட்டினார், போட்டோக்காரரை வரவழைத்தார், பெரிய எழுத்தில் அட்டைக் காசோலை ஒன்றும் அடித்தார். அவள் ஒரு நுனியைப் பிடித்தாள், அவர் மறு நுனியைப் பிடித்தார்.

"கொஞ்சம் முகத்தை நிமித்தும்மா," என்றார்.

அவள் நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"கடல்லதான் சார் செத்தாவ. வீட்டுல கிடந்து சாகமாட்டேன்னுட்டாவ. இப்பம் ஆடிட்டுக்குச் சரியா இருக்கா?"